க்ளாஸ்டர் கேனரி: கண்காட்சிக்கு ஜோடி போடுவதும் தேர்வதும்

கேள்வி சுருக்கமாக இது: கொண்டை உள்ள இரண்டு க்ளாஸ்டர் கேனரிகளை (இங்கிலாந்தில் உருவான குட்டிக் கூண்டுப் பறவை இனம்) ஒருவர் ஜோடி போட்டிருக்கிறார். முட்டைகளில் சில, கரு பிடித்த பிறகும் பொரிக்காமல் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகின்றன. பொரித்த குஞ்சுகளிலும் சிலவற்றுக்குக் கொண்டை வரவில்லை. "சுத்தமான ஜோடி என்று சொல்லிக் கலப்புப் பறவையைத் தலையில் கட்டிவிட்டார்களா? கண்காட்சிக்குப் போகும் தரத்தில் குஞ்சு எடுக்க என்ன செய்ய வேண்டும்? நடுவர் எதைத்தான் பார்க்கிறார்?" என்று கேட்கிறார்.

யாரும் ஏமாற்றவில்லை. உங்கள் பறவைகள் க்ளாஸ்டர்தான். சேர்த்த ஜோடிதான் தவறு. அதைச் சரிசெய்தால் முட்டைச் சாவும் குறையும், கண்காட்சிப் பறவைக்கான வழியும் திறக்கும்.

கொண்டைக்கான மரபணு ஓங்கு வகையைச் சேர்ந்தது. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு படி வந்தாலே குஞ்சுக்குக் கொண்டை வந்துவிடும். இரண்டு பேரிடமிருந்தும் வந்து இரண்டு படி சேர்ந்தால் அந்தக் கரு பிழைக்காது. ஆகவே உயிரோடு இருக்கும் எந்தக் கொண்டைக் கேனரியும் ஒரு படி கொண்டை, ஒரு படி மொட்டை என்ற கணக்கில்தான் இருக்கும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் கரு பிடித்த முட்டைகளில் சராசரியாக நாலில் ஒன்று சாகும், இரண்டு கொண்டையோடு வரும், ஒன்று கொண்டையில்லாமல் வரும். உங்கள் கூட்டில் நடப்பது எழுத்துக்கு எழுத்து இதுதான். கொண்டையுள்ள ஒன்றையும் கொண்டையில்லாத ஒன்றையும் சேர்த்தால் பாதிக்குப் பாதி கிடைக்கும், இந்தக் காரணத்தால் ஒரு கருவும் சாகாது. நாலு முட்டை பொரித்தால் இரண்டு கொண்டை. கொண்டையோடு கொண்டை சேர்த்தாலும் உயிரோடு கிடைப்பது அதே இரண்டுதான். ஒரு குஞ்சைக் கூடுதலாகச் சாகடித்து நீங்கள் பெற்ற லாபம் எதுவும் இல்லை.

ஆனால் பொரிக்காத முட்டை எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அடைவைத்த ஆறாம் ஏழாம் நாளில் முட்டையைச் சின்ன டார்ச் வெளிச்சத்தின் முன் பிடித்துப் பாருங்கள். கரு பிடித்த முட்டையில் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோல ஓடும், நடுவில் கரும்புள்ளி துடிக்கும். ஒன்றும் இல்லாமல் வெளுப்பாகத் தெரிந்தால் அது கூமுட்டை. கூமுட்டைக்கும் கொண்டை மரபணுவுக்கும் சம்பந்தம் இல்லை. சேவல் தயாராகாமல் இருந்திருக்கலாம், அல்லது இறகு இடைஞ்சலாக இருந்திருக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன். நரம்பு அறுந்து ஒற்றை ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இடையில் இறந்தது. முழுசாக வளர்ந்த குஞ்சு ஓட்டை உடைக்க முடியாமல் செத்திருந்தால் அறையின் ஈரப்பதத்தையும் பெட்டையின் தீவனத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

இப்போது கண்காட்சிக்கு வருவோம். க்ளாஸ்டர் கூட்டத்தில் கொண்டை உள்ளதைக் கொரோனா என்றும், கொண்டையில்லாததைக் கன்சார்ட் என்றும் சொல்வார்கள். புதிதாக வளர்ப்பவர்கள் எல்லோரும் கொரோனாவை வைத்துக்கொண்டு கன்சார்ட்டை விற்றுவிடுகிறார்கள். கண்காட்சித் தரம் அந்த இடத்தில்தான் கையைவிட்டுப் போகிறது. நல்ல கொண்டை வருவது நல்ல கன்சார்ட்டால்தான். கொண்டை இருக்குமா இருக்காதா என்பதைத்தான் அந்த ஒற்றை மரபணு தீர்மானிக்கிறது. அது வட்டமாக அமையுமா, பின்னால் வழுக்கை விழுமா, கண்ணை மூடுமா, இரண்டாகப் பிளக்குமா என்பதெல்லாம் மண்டையின் அகலம், மண்டை உச்சியின் எழுச்சி, தலை இறகின் நீளம், இறகின் அடர்த்தி ஆகியவற்றைப் பொறுத்தது. இவை இரண்டு பெற்றோரிடமிருந்தும் சமமாக வருகின்றன. கொண்டைப் பறவையில் இவற்றைக் கண்ணால் பார்த்து அளக்க முடியாது, கொண்டை மறைத்துவிடும். கன்சார்ட்டின் தலையில் எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரியும்.

அதனால் கன்சார்ட் வாங்கும்போது தலையைத்தான் முதலில் பாருங்கள். முன்பக்கமிருந்து பார்த்தால் அலகுக்கு மேலே நெற்றி அகலமாக எழும்ப வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் அலகின் அடியிலிருந்து பிடரி வரை தட்டையே இல்லாத ஒரே வளைவாக இருக்க வேண்டும். கண்ணுக்கு மேலே புருவம்போல இறகு சற்றுத் தடித்துத் தொங்க வேண்டும். குறுகலான, பாம்புத் தலை போன்ற தலையுள்ள கன்சார்ட்டை எவ்வளவு அழகான கொண்டையோடு சேர்த்தாலும் குஞ்சுகளின் கொண்டை முட்டை வடிவத்தில் நீண்டுதான் போகும்.

இந்த இனம் எப்படி வந்தது என்று தெரிந்தால் நடுவரின் கண்ணும் புரியும். கொண்டைக் கேனரிகள் இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே பெரும் மோகமாக இருந்தன. அவை பெரிய உடல் கொண்டவை, கண்ணை மறைத்து அலகு வரை தொங்கும் கொண்டை உள்ளவை. அந்த மோகம் தணிந்த காலத்தில், க்ளாஸ்டர்ஷயர் மாவட்டத்தின் செல்ட்டனம் ஊரைச் சேர்ந்த திருமதி ரோஜர்சன், பாட்டுக்காக வளர்க்கும் ரோலர் இனத்தில் கொண்டையுள்ள கேனரிகளை, உருண்டையான உடலுள்ள பார்டர் இனத்தின் சின்ன உருவக் கேனரிகளோடு சேர்த்து ஒரு குட்டிக் கொண்டைப் பறவையை உருவாக்கினார். 1925-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் அவற்றை வைத்தார். அங்கே நடுவராக இருந்த ஏ. டபிள்யூ. ஸ்மித் அவற்றில் ஒரு புது இனத்தைக் கண்டார். ஸ்காட்லாந்தில் ஜான் மெக்லே என்பவரும் மிகச் சிறிய பார்டர்களைக் கொண்டைப் பறவைகளோடு சேர்த்து இதே திசையில் போய்க்கொண்டிருந்தார். ஆக, பார்டரின் உருண்டையான கச்சிதமும், சிறு உருவமும், பார்வையை மறைக்காத கொண்டையும்தான் இந்த இனத்தின் பிறப்பு நோக்கம். பெரிய கொண்டைக்காக இதில் எதையாவது விட்டுக்கொடுத்தால் க்ளாஸ்டரே கைவிட்டுப் போகும்.

நடுவரின் அளவுகோல் 100 மதிப்பெண். கொண்டை வட்டமாக, எங்கும் உடையாமல், கண் தெரியும்படி இருப்பதற்கு 15, கொண்டையின் மையம் தெளிவாக இருப்பதற்கு 5. கன்சார்ட்டாக இருந்தால் தலையின் அகலத்துக்கும் உருண்டைக்கும் 15, புருவத்துக்கு 5. உடலுக்கு 20. இறகுக்கு 15. உருவம் சிறுத்திருப்பதற்கு 15. நிற்கும் பாணிக்கும் சுறுசுறுப்புக்கும் 10. ஆரோக்கியம், சுத்தம் ஆகியவற்றுக்கு 10. வாலுக்கு 5, காலுக்கும் பாதத்துக்கும் 5.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கொண்டைக்கு மொத்தமே 20 தான். மீதி 80 கொண்டைக்குக் கீழே இருக்கிறது. உடலும் இறகும் உருவமும் மட்டும் சேர்ந்து 50. தட்டுபோல அழகான கொண்டையை வைத்துக்கொண்டு, நீண்ட உடலோடும் தொடையில் பொங்கி நிற்கும் இறகோடும் இருக்கும் பறவை, சுமாரான கொண்டையுள்ள கச்சிதமான பறவையிடம் தோற்பது இதனால்தான். தோற்றவர் நடுவர்மேல் கோபப்படுவார். அட்டவணையை எடுத்துப் பார்த்தால் கோபத்துக்கு இடமே இல்லை.

உடல் என்று சொல்லும்போது நடுவர் தேடுவது உருண்டையை. கழுத்து தடித்து, தலைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கு இல்லாமல் இறங்க வேண்டும். முதுகு குறுக்குவாட்டில் நிரம்பியிருக்க வேண்டும், நடுவில் பள்ளம் கூடாது. மார்பு உருண்டிருக்க வேண்டும், ஆனால் முன்னால் துருத்தக் கூடாது. இறக்கைகள் முதுகோடு படிந்து நுனிகள் சேர வேண்டும், கத்தரிக்கோல்போல ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறினால் குறை. வால் குறுகலாக மடிந்திருக்க வேண்டும், மீன் வாலாக விரியக் கூடாது. நீளம் 4¾ அங்குலம், அதாவது சுமார் 12 செ.மீ. தாண்டக் கூடாது. யார்க்ஷயர் என்ற கேனரி இனம் 6¾ அங்குலம், பார்டர் 5½ அங்குலம் என்பதை நினைத்துக்கொண்டால் க்ளாஸ்டர் எவ்வளவு குட்டி என்று புரியும். சிறியது வேண்டும் என்பதற்காக வற்றலாக, சதையில்லாத பறவையைத் தேடாதீர்கள். குட்டியாகவும் பருமனாகவும் இருக்க வேண்டும். அளவுக்கு மீறிச் சிறுத்த பெட்டைகளுக்கு முட்டை இறங்காமல் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

பிரிட்டனில் நடுவர்கள் பெரும்பாலும் ஒப்பிட்டுத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஒரு பிரிவில் உள்ள கூண்டுகளை வரிசையாக வைத்து, இடம் மாற்றி மாற்றி, முதல், இரண்டு, மூன்று என்று நகர்த்துவார்கள். ஐரோப்பாவில் சர்வதேச முறைப்படி நடக்கும் கண்காட்சிகளில் ஒவ்வொரு பறவைக்கும் மதிப்பெண் தாள் உண்டு. தனிப் பறவையாகவும் வைக்கலாம், நான்கு பறவைகள் கொண்ட அணியாகவும் வைக்கலாம். அணியாக வைத்தால் நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதற்குத் தனி மதிப்பெண் சேரும். கூண்டு எந்த முறையிலும் அந்தந்த இனச் சங்கம் விதித்த ஒரே மாதிரியில்தான் இருக்க வேண்டும். யாருடைய பறவை என்று நடுவருக்குத் தெரியக் கூடாது. கூண்டில் ஒரு கீறல் அடையாளம் இருந்தாலும் அந்தப் பறவையைப் போட்டியிலிருந்து நீக்கிவிடலாம்.

கூண்டை நடுவர் கையில் எடுக்கும்போது கவனித்தால் நிறையக் கற்றுக்கொள்ளலாம். முதலில் தூரத்தில் நின்று பறவை தானாக எப்படி நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு கூண்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, லேசாகத் தாழ்த்தி, கொண்டையை மேலிருந்து பார்ப்பார். மையம் ஒரு புள்ளியாக இருக்கிறதா, கோடாக இழுபட்டிருக்கிறதா, அந்தப் புள்ளியிலிருந்து இறகுகள் எல்லாத் திசையிலும் ஒரே நீளத்தில் விரிகின்றனவா என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். அடுத்தது பின்பக்கம். கொண்டையும் கழுத்தும் சேரும் இடத்தில் இறகு மேவி இறங்க வேண்டும். அங்கே தோல் தெரிந்தால் பெரிய குறை, புதியவர்கள் கவனிக்கவே கவனிக்காத குறையும் அதுதான். பிறகு கொம்பு. கண்ணுக்குப் பின்னால் ஓரிரு இறகு படியாமல் நட்டுக்கொண்டு நிற்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கடைசியில் சின்னக் குச்சியால் கூண்டை லேசாகத் தொடுவார். பறவை பயந்து கம்பியில் மோதாமல், கூண்டுக்குள் உட்காரும் ஒரு கட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி மறுபடி நிமிர்ந்து நிற்க வேண்டும்.

கண் தெரிய வேண்டும் என்ற விதியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. தீவனக் கிண்ணத்தைத் தட்டுத்தடுமாறித் தேடும் பறவைக்கு முதலிடம் கொடுப்பதை எந்த நடுவர் செய்தாலும் நான் ஏற்க மாட்டேன். அந்தக் கொண்டையை உடையவர் எடுத்துக்கொண்டு போய் இன்னும் நீளமான இறகோடு சேர்ப்பார். அப்படியே பத்து வருடம் போனால் இனம் முழுக்கக் குருடாகத் திரியும். அளவுகோலில் அந்த வார்த்தைகளைப் போட்டவர்கள் பழைய பெரிய கொண்டைக் கேனரியின் கதியைக் கண்ணால் பார்த்தவர்கள்.

இனி இறகு. கேனரி வளர்ப்பில் ஜோடி போடுவதற்கு அடிப்படையே இதுதான், கொண்டைக் கணக்கைவிட இதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். எல்லாக் கேனரிகளும் இறகின் தன்மையில் இரண்டு வகை. ஒன்றில் இறகு குறுகலாகவும் விறைப்பாகவும் இருக்கும், நிறம் இறகின் நுனி வரை ஓடும். இதை மஞ்சள் வகை என்பார்கள். மற்றதில் இறகு அகலமாகவும் மென்மையாகவும் இருக்கும், நுனியில் நிறம் நின்றுபோய் வெளிறிய விளிம்பு தெரியும், பார்க்க மாவு தூவியதுபோல இருக்கும். இதை பஃப் என்பார்கள். பறவை பச்சையாக இருந்தாலும் பழுப்பாக இருந்தாலும் இந்தப் பிரிவு பொருந்தும். பெரும்பாலான இனங்களில் மஞ்சளை பஃபோடு சேர்ப்பதுதான் நெடுங்கால வழக்கம்.

க்ளாஸ்டரில் கிட்டத்தட்ட எல்லாமே பஃப். அகலமான இறகு இருந்தால்தான் கொண்டை நிறைவாகவும் உடல் உருண்டையாகவும் தெரியும் என்று தலைமுறை தலைமுறையாக பஃபோடு பஃப் சேர்த்து வந்திருக்கிறார்கள். அதற்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். இறகு ஒவ்வொரு தலைமுறையிலும் நீண்டு, மெலிந்து, தொய்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் இறகு தோலைத் துளைத்து வெளியே வர முடியாமல் உள்ளேயே சுருண்டு, முதுகிலும் இறக்கையிலும் கட்டியாகத் திரளும். கட்டியைக் கீறினால் உள்ளே காய்ந்த பாலாடைக்கட்டிபோல மஞ்சளாக ஒரு பொருள் இருக்கும். எடுத்தாலும் அடுத்த இறகு உதிர்ப்பில் பெரும்பாலும் திரும்ப வரும். க்ளாஸ்டரிலும் நார்விச் கேனரியிலும் இது அதிகம். கட்டி வந்த பறவையையும், அதைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் பெற்றோரையும் இனப்பெருக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எவ்வளவு பரிசு வாங்கிய பறவையாக இருந்தாலும் சரி.

தொய்வு தெரிய ஆரம்பித்ததும், கட்டி வரும் வரை காத்திராமல், நல்ல உடல் அமைப்புள்ள ஒரு மஞ்சள் வகை கன்சார்ட்டைக் கொண்டுவர வேண்டும். முதல் தலைமுறையில் கொண்டை கொஞ்சம் மெலிந்து தெரியும், மனம் தளரும். அந்தக் குஞ்சுகளில் பஃபாக வந்தவற்றை மறுபடி உங்கள் நல்ல பஃபோடு சேர்த்தால், இறக்கை ஒட்டிப் படிவதையும் தொடை இறகு அடங்குவதையும் பார்ப்பீர்கள். இறகைச் சோதிக்க எளிய வழி உண்டு. பறவையைக் கையில் மல்லாக்கப் பிடித்து, தொடைப் பக்கம் லேசாக ஊதுங்கள். ஊதுவதை நிறுத்தியதும் இறகு சட்டென்று பழைய இடத்துக்குப் போய்ப் படிந்தால் தரமானது. பஞ்சுபோல விரிந்தே கிடந்தால் அந்தப் பறவைக்கு அதேபோன்ற துணையைப் போடாதீர்கள்.

இந்த விதியை எல்லாக் குறைக்கும் நீட்டலாம். ஒரே குறை இரண்டு பக்கமும் இருக்கக் கூடாது. நீண்ட வாலுள்ள சேவலுக்குக் குட்டை வாலுள்ள பெட்டை. கொண்டையின் பின்பக்கம் மெலிந்திருந்தால் பிடரியில் இறகு அடர்ந்த கன்சார்ட். அதே சமயம், ஒரு பக்கக் குறையை எதிர்த்திசையில் உள்ள இன்னொரு குறையால் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். மிக நீளமானதையும் மிகக் குட்டையானதையும் சேர்த்தால் நடுத்தரம் வரும் என்பது பேராசை, நீளமும் குட்டையும் கலந்துகட்டி வரும். குறையுள்ள பறவைக்கு அந்த இடத்தில் சரியாக இருக்கும் பறவைதான் மருந்து.

நிறத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, க்ளாஸ்டரில் எந்த நிறத்துக்கும் மதிப்பெண் கூடுவதில்லை. இரண்டு விஷயம் மட்டும். வெள்ளையில் ஓங்கு வகை வெள்ளைக்கும் கொண்டையின் அதே கதை உண்டு, இரண்டு படி சேர்ந்தால் கரு சாகும். வெள்ளையோடு வெள்ளை போடாதீர்கள். நீல நிறம் என்று சொல்லப்படும் சாம்பல் பறவைகளும் வெள்ளையின் மேல் கருமை படிந்தவைதான், அவற்றையும் வெள்ளையாகவே கணக்கில் எடுங்கள். அடுத்தது, சினமன் என்ற இலவங்கப்பட்டைப் பழுப்பு நிறம் பாலினத்தோடு பிணைந்தது. சினமன் சேவலைப் பச்சைப் பெட்டையோடு சேர்த்தால் பெண் குஞ்சுகள் எல்லாம் சினமனாக வரும், ஆண் குஞ்சு ஒன்றுகூடச் சினமனாக வராது. சினமன் குஞ்சின் கண் பிறந்த சில நாள் செம்மையாகத் தெரியும் என்பதால் கூட்டிலேயே பெட்டையைக் கண்டுபிடித்துவிடலாம். சிவப்புக்கான தீவனம் எதையும் க்ளாஸ்டருக்குக் கொடுக்காதீர்கள். அது ரெட் ஃபேக்டர், நார்விச் போன்ற இனங்களுக்கு உரியது.

நல்ல ஜோடி முடிவானால் மீதி பொறுமைதான். பகல் வெளிச்சம் 14 மணி நேரத்தை நெருங்கும்போது பறவைகள் தாமாகவே தயாராகும். பிரிட்டனில் ஏப்ரல் வாக்கில் இது நடக்கும். அவசரப்பட்டு விளக்குப் போடுபவர்கள் நாளுக்குக் கால் மணி, அரை மணி என்று தாவாமல் வாரத்துக்குக் கால் மணியாகக் கூட்ட வேண்டும். நடுவே தடுப்பு வைத்த இரட்டைக் கூண்டில் ஆளுக்கொரு பக்கம் விடுங்கள். சேவல் இறக்கையைத் தொங்கவிட்டு உரக்கப் பாடி, கம்பி வழியாகப் பெட்டைக்குத் தீவனம் ஊட்டுவதும், பெட்டை கூடு கட்டும் நாரைக் கவ்விக்கொண்டு அலைவதும் ஒரே சமயத்தில் நடந்தால்தான் தடுப்பை எடுக்க வேண்டும். சேவல் மட்டும் சூடாக இருந்தால் பெட்டையைக் கொத்திக் கிழித்துவிடும்.

முன்னால் சொல்வதாகச் சொன்ன கூமுட்டை விஷயம் இங்கேதான் வருகிறது. க்ளாஸ்டரின் நீண்ட பஃப் இறகு கழிவாயைச் சுற்றி அடர்ந்து மூடிக்கொள்ளும். சேவல் ஏறினாலும் சேர்க்கை நடக்காது. ஜோடி சேர்க்கும் முன், இரண்டு பறவைகளுக்கும் கழிவாயைச் சுற்றியுள்ள மென்மையான இறகை மழுங்கல் நுனிக் கத்தரிக்கோலால் கவனமாக வெட்டிவிடுங்கள். சேவலின் கழிவாய்க்குப் பின்னால் வால் பக்கமாக நீட்டியிருக்கும் ஓரிரு உணர்விறகுகளை வெட்டக் கூடாது என்பது பழைய வளர்ப்பாளர்கள் சொல்லும் எச்சரிக்கை, நானும் அதைக் கடைப்பிடிக்கிறேன். கொண்டைப் பெட்டைக்குக் கண்ணோரம் மறைத்தால் அதையும் கொஞ்சம் குறைத்தால் குஞ்சுக்கு ஊட்டும்போது வாய் தவறாது.

பெட்டை தினம் காலையில் ஒரு முட்டையாக நாலு அல்லது ஐந்து இடும். முட்டை விழ விழ எடுத்து, பஞ்சில் வைத்து, கூட்டில் பிளாஸ்டிக் முட்டையைப் போட்டுவாருங்கள். நாலாம் முட்டை விழுந்த காலையில் எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பி வையுங்கள். 13, 14 நாளில் எல்லாம் ஒன்றாகப் பொரிக்கும், கடைக்குட்டி மிதிபட்டுச் சாகாது. பொரித்த நாளிலிருந்து முட்டைத் தீவனம் குறைந்த அளவில் ஒரு நாளைக்குப் பலமுறை புதிதாக வைக்க வேண்டும், புளித்தால் குஞ்சு போய்விடும். ஐந்து முதல் ஏழு நாளுக்குள் மூடிய வளையம், அதாவது ஆண்டும் எண்ணும் பொறித்த, திறக்க முடியாத கால் வளையம், போட வேண்டும். மூன்று முன் விரல்களைச் சேர்த்து வளையத்தில் நுழைத்து, பின் விரலைக் காலோடு ஒட்டி மடக்கி மேலே தள்ளி, பிறகு அந்த விரலை மெல்ல வெளியே இழுத்துவிட்டால் முடிந்தது. இந்த வளையம் இல்லாமல் அந்த வருடத்துக் குஞ்சு என்று நிரூபிக்க வழி கிடையாது, பல கண்காட்சிகளில் இளம்பறவைப் பிரிவில் சேர்க்கவும் மாட்டார்கள். 18 நாளுக்கு மேல் கூட்டைவிட்டு இறங்கும். நாலு வாரம் ஆகி, தானாகக் கொட்டையை உடைத்துத் தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பிரிக்க வேண்டும்.

தேர்வு எப்போது என்று கேட்டால், முதல் இறகு உதிர்ப்பு முடிந்த பிறகுதான். கூட்டிறகில் இருக்கும் கொண்டை எதையும் சொல்லாது. அகலமாகத் தெரிந்தது உதிர்ப்புக்குப் பின் ஒடுங்கும், கலைந்து கிடந்தது அடங்கித் தட்டாகும். குஞ்சுகள் எட்டு, பத்து வாரத்தில் உடல் இறகை உதிர்க்கத் தொடங்கும். முதல் வருடம் இறக்கையின் பெரிய இறகுகளும் வால் இறகுகளும் உதிர்வதில்லை, அவை அடுத்த வருடம்தான் மாறும். புதிய இறகு சற்று நீளமாக வளர்வதால் இரண்டாம் வருடப் பறவை முதல் வருடத்தைவிடப் பெரிதாகத் தெரியும். சிறுமைக்கு 15 மதிப்பெண் உள்ள இனத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. கண்காட்சிகளில் இளம்பறவைக்கும் முதிர்ந்த பறவைக்கும் தனிப் பிரிவு வைப்பது இதனால்தான். உதிர்ப்புக் காலத்தில் நெரிசல் கூடாது. பக்கத்துப் பறவை வால் இறகு ஒன்றைப் பிடுங்கினால், அந்த இடத்தில் வருவது நீண்ட இறகாக, மற்றவற்றோடு பொருந்தாமல் வரும்.

கண்காட்சிக்கு முந்தைய வாரங்களில் கண்காட்சிக் கூண்டை வளர்ப்புக் கூண்டின் கதவில் மாட்டி, உள்ளே கொஞ்சம் பிடித்த தீவனம் வையுங்கள். பறவை தானாகப் போய்வரப் பழகும். பிறகு கதவை மூடி, கூண்டைத் தூக்கி, மேசைக்கு மேசை மாற்றி, குச்சியால் லேசாகத் தொட்டுப் பழக்குங்கள். தினம் காலையில் மெல்லிய நீர்த்தூவல் கொடுத்தால் இறகு இறுகிப் படியும். கொண்டைக்கு இதைவிட நல்ல சீப்பு கிடையாது. ஒடிந்த இறகு ஒன்றிரண்டு இருந்தால் ஆறு வாரம் முன்பே பிடுங்கிவிட வேண்டும், அதற்குள் புதிது முளைத்துவிடும். கொண்டையைக் கத்தரித்து வட்டமாக்குவது மோசடி. வெட்டிய இறகின் நுனி நேர்கோடாகத் தெரியும், அனுபவமுள்ள நடுவர் கண்டுபிடித்துவிடுவார்.

உங்கள் கையில் இருக்கும் ஜோடிக்கு இப்போது செய்ய வேண்டியது இது. இரண்டையும் பிரித்துவிடுங்கள். உங்கள் கூட்டிலேயே பிறந்த கொண்டையில்லாக் குஞ்சுகளை விற்காதீர்கள், உதிர்ப்பு முடியட்டும், தலை அகலமானவற்றை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தாய் தகப்பனோடு உடனே சேர்ப்பதைவிட, பறவைகளை வாங்கிய அதே வளர்ப்பாளரிடம் போய், உங்கள் கொரோனாக்களுக்குத் தூரத்து உறவான இரண்டு கன்சார்ட் கேளுங்கள். நாலு பேரிடம் நாலு பறவை வாங்கினால் நாலு விதமான இறகும் தலையும் கலந்து, எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும். ஒரே வளர்ப்பாளரின் கூட்டத்திலிருந்து வந்தால், எழுதிவைத்த பதிவேட்டைப் பார்த்து, சித்தப்பன் மகள், அரைச் சகோதரி என்ற அளவில் சேர்த்து நல்லதை நிலைநிறுத்த முடியும். ஒவ்வொரு முட்டையையும், கூமுட்டையையும், செத்த கருவையும், வளைய எண்ணையும் எழுதுங்கள். கட்டி வந்த பறவையைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

கன்சார்ட்டைக் கொண்டுவந்ததும் நேரே ஜோடிக் கூண்டில் விட வேண்டாம். மூன்று வாரம் வேறு அறையில் வைத்து, இரவில் விளக்கை அணைத்த பிறகு காதைக் கொடுத்துக் கேளுங்கள். மூச்சு விடும்போது சின்னதாக டிக், டிக் என்று ஓசை வந்தால் மூச்சுக் குழாயில் நுண்ணிய உண்ணிகள் இருக்கலாம். முதலில் பறவை மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். கண்காட்சிக்குப் போய்வந்த பறவைக்கும் இதே மூன்று வாரம்தான்.